எழுதித் தராத வரம்பு

என் அடையாள அட்டையில் 'கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று அச்சடித்துக் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மருத்துவமனையின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வு வெள்ளிக்கிழமை. நடுவில் கிடைத்த இரண்டு நாளில் எனக்குப் புதிதாக நீலக் கோட்டு தைத்து வந்தது. என்ன வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆய்வுக்கு வந்த அம்மையார் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஸ்டாஃப் நர்ஸுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் முந்திக்கொண்டார். "ஜெய்புன் எங்க வூண்ட் கேர் எக்ஸ்பர்ட் மேடம். புண் சம்பந்தமான எல்லா முடிவையும் அவங்கதான் எடுப்பாங்க."

அம்மையார் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். சொன்னது பொய். அது பொய் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். நானும் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தியிடம் பொறுமை, தியாகம் என்று ஏதாவது கேட்க வந்திருந்தால் வேறு யாரையாவது பாருங்கள். அவற்றை எங்களிடம் போதுமான அளவுக்குக் கறந்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது கோபம். அதில் பாதி என் மேலேயே.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் குடும்பத்தில் நர்ஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். பதினெட்டு வருடம் வார்டில் நின்ற பிறகு, நாற்பது வயதில் எம்.எஸ்ஸி. படித்தேன். அதன் பிறகு சர்க்கரை நோய்க் கால் புண்களுக்காகவே தனியாகப் பயிற்சி எடுத்தேன். ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் என்றால் யார் என்று பாடத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு துறையை ஆழமாகப் படித்தவர். நோயாளியின் பக்கத்தில் நின்று தன் துறைக்குள் முடிவெடுப்பவர். மற்ற நர்ஸுகளுக்குக் கற்றுக்கொடுப்பவர். வார்டில் தப்பாக நடக்கும் பழக்கத்தை மாற்றுபவர். அவர் டாக்டருக்குப் பதிலாக வந்தவரும் இல்லை, டாக்டருக்கு எடுபிடியும் இல்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த எங்கள் தனியார் மருத்துவமனையில் அந்தப் பதவிக்கு வேறு அர்த்தம் இருந்தது. ஆள் வராத ஷிஃப்டில் நிற்பது. டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் திருப்திப் படிவம் நிரப்பி வாங்குவது. நிர்வாகத்துக்கு வேண்டிய யாருக்காவது வீட்டில் படுக்கைப் புண் வந்தால் காரில் ஏறிப் போய்க் கட்டுப் போட்டுவிட்டு வருவது. மீதி நேரத்தில் நான் ஸ்பெஷலிஸ்ட்.

தனம் வந்தது அந்த முதல் வருடத்தில்தான்.

கோவளத்தில் மீன் விற்கிறவர். ஐம்பது வயதைத் தாண்டிய, ஓங்கிய குரல் உள்ள பெண். கரையில் எதுவோ குத்தி உள்ளங்காலில் சின்ன ஓட்டை. சர்க்கரை நோய் இருந்ததால் வலி தெரியவில்லை. நாலு நாள் அந்தக் காலோடு கூடை சுமந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் சீனியர் சர்ஜன் பெயரில் அட்மிட் ஆனார். சனிக்கிழமை காலை நான் பார்த்தபோது பாதத்தில் சிவப்பு ஏறியிருந்தது. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வைத்தேன்.

"இன்னா சிஸ்டர், கால்ல கோலம் போடற?" என்று சிரித்தார்.

"இந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு வருதான்னு பாக்கணும்மா."

"தாண்டட்டும், தாண்டட்டும். திங்கக்கெழம நான் கரைக்குப் போய்க்கினே இருப்பேன்."

மதியம் போய்ப் பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. கணுக்காலுக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தினேன். தோலுக்கு அடியில் ஏதோ நொறுங்குவது போல ஒரு நறநறப்பு. கிருமி உள்ளே காற்றை உண்டாக்கினால்தான் அப்படி இருக்கும். அதற்குக் கட்டும் பஞ்சும் போதாது. அன்றைக்கே, அந்தச் சில மணி நேரத்துக்குள்ளேயே, தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காலைத் திறந்து கழுவ வேண்டும். இதைத்தான் நான் வருடக்கணக்கில் படித்திருந்தேன். என் விரல் நுனிக்குச் சந்தேகமே இல்லை.

டியூட்டி டாக்டரிடம் போனேன். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினார்.

"சார்கிட்ட காலையிலேயே பேசிட்டேன் சிஸ்டர். ஆன்டிபயாடிக் போகுது. மண்டே ஃபர்ஸ்ட் கேஸ்னு சொல்லிட்டார்."

"காலையில பேசினது சரி டாக்டர். இப்ப வந்து கை வச்சுப் பாருங்க. உள்ள காற்று இருக்கு."

"எக்ஸ்ரே எழுதறேன். எடுத்து வைங்க."

அவர் எழுந்து வரவில்லை. எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் நானே சர்ஜனுக்குப் போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஏதோ கல்யாணத்தில் இருந்தார். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

"ஜெய்புன், நீ டிரெஸ்ஸிங் பண்ணு. டயக்னோசிஸ் நான் பண்ணிக்கறேன்."

போனை வைத்துவிட்டார்.

அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே, வேறு இரண்டு சர்ஜன்கள் அன்று பணியில் இருந்தார்கள். படி இறங்கிப் போய் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். ஒருவர் நோயாளியை இன்னொருவரிடம் காட்டுவது மரியாதையில்லை என்று இருபது வருடமாக என் மண்டையில் ஏற்றி வைத்திருந்தார்கள். நான் கட்டுப் போட்டேன். நோட்ஸில் 'டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். ஞாயிறு எனக்கு விடுமுறை.

ஞாயிறு மதியமே தனத்துக்கு நினைவு தடுமாறியிருக்கிறது. ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். திங்கள் காலை, சொன்னபடியே முதல் கேஸாக, இடது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள்.

அடுத்த வாரம் அந்தக் கேஸைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. 'தாமதமாக வந்த நோயாளி' என்றார் சர்ஜன். 'அறிவுறுத்தியபடி மருந்து கொடுக்கப்பட்டது' என்றார் டியூட்டி டாக்டர். என் நோட்ஸை வாசித்துவிட்டு, 'நர்சிங் டாக்குமென்டேஷன் நன்றாக இருக்கிறது' என்று மெடிக்கல் டைரக்டர் என்னைப் பாராட்டினார். ஆமாம், பாராட்டு. 'டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்ற அந்த ஒரு வரி எங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிட்டது. எந்த டாக்டருக்கு, எத்தனை மணிக்கு, என்னவென்று தெரிவித்தாய், அவர் என்ன பதில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெயர், நேரம், சொன்னது, கிடைத்த பதில் என்று நாலும் இல்லாமல் அந்த வரியை எழுதுகிற நர்ஸ் நோயாளிக்காக எழுதவில்லை, தனக்காக எழுதுகிறாள். நான் எனக்காகத்தான் எழுதினேன்.

ஒரு மாதம் தூக்கம் கெட்டு அலைந்துவிட்டு, ஒரு நாள் காலையில் பஸ் பிடித்துக் கோவளம் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்ற சுயநலம்தான். தனம் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ விற்க வாங்கிய மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். கரைக்குப் போய் ஏலத்தில் நிற்க முடியாது. கூடை தூக்க முடியாது.

நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "நீ கால அமுக்கினே பாரு, அப்பவே உன் மூஞ்சி மாறிச்சு. சரி, சிஸ்டர் போய் இன்னாமோ செய்யப் போவுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"டாக்டர்கிட்ட சொன்னேன்மா..."

"சொன்ன. அந்த டாக்டராண்ட கத்தறதுக்கு உனுக்கு வாய் இல்ல. இப்ப என் வூட்டாண்ட வந்து அழறதுக்கு மட்டும் வாய் கீதா? எழுந்து போ சிஸ்டர். எனுக்கு வேல கீது."

எழுந்து வந்தேன். அவர் என்னை மன்னிக்கவில்லை. மன்னித்தார் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், நடந்தது அதுவல்ல. பஸ் கேளம்பாக்கம் தாண்டும்வரை அழுதேன். அதற்கு அப்புறம் அழுகை நின்று வேறொன்று ஆரம்பித்தது.

மறுநாள் ஒரு தாளில் நாலு தலைப்பு எழுதிக்கொண்டு சூப்பரின்டென்டன்ட் அறைக்குப் போனேன். நான் என் பொறுப்பில் முடிவெடுத்துச் செய்யக்கூடியவை. டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. செய்யவே கூடாதவை. கேட்டும் பதில் வராவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடத்துக்குள். இதை நிரப்பி மருத்துவமனை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டேன்.

மேடம் தாளைப் படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"எழுதிட்டா மாட்டிப்போம் ஜெய்புன்."

"யாரு மாட்டிப்பாங்க மேடம்?"

"எல்லாரும்தான். இப்ப எப்படிப் போகுதோ அப்படியே போகட்டும். உன் திறமை எங்களுக்குத் தெரியாதா?"

மெடிக்கல் டைரக்டரிடம் எடுத்துப் போனேன். "டாக்டர் வேலையை நர்ஸுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்றீங்க" என்றார். அதில் செய்யவே கூடாதவை என்று ஒரு தலைப்பு இருப்பதை அவர் படிக்கவே இல்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் பதில் இல்லை.

இப்போது உங்களுக்குச் சொல்ல எனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

எழுத்தில் வரம்பு கிடைக்கவில்லை என்றதும் வரம்பே இல்லாதது போல நடக்க ஆரம்பித்தேன். தனம் விஷயத்தில் என் கைக்குத்தான் தெரிந்தது, டாக்டருக்குத் தெரியவில்லை. ஆகவே இனி என் கை சொல்வதுதான் சரி என்று ஒரு திமிர் வந்துவிட்டது. அது திமிர் என்று அப்போது தெரியவில்லை. தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிட்லபாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ராமநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன். தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறவர். கணுக்காலுக்கு மேலே ஆறாத புண். பார்த்தாலே சிரை வீங்கி வந்த புண் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட புண்ணுக்கு இறுக்கமான அழுத்தக் கட்டுதான் வைத்தியம். ஆனால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயும் அடைபட்டிருந்தால், அதே கட்டு காலைக் கொன்றுவிடும். அதனால் ரத்தக்குழாய் டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார்: டாப்ளர் பார்த்த பிறகே கட்டு. டாப்ளர் என்கிற அந்த ரத்த ஓட்டச் சோதனைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்திருந்தது.

பாதத்தில் நாடி பார்த்தேன். துடிப்பது போல இருந்தது. 'போல' என்கிற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

"டாக்டர் வெயிட் பண்ணச் சொன்னாரே சிஸ்டர்?" என்று அவர் மனைவி கேட்டார்.

"ரெண்டு நாள் சும்மா வீணாகுதும்மா. நான் பாத்துட்டேன், பயமில்ல" என்றேன். கட்டினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மா போன் செய்தார். விரலெல்லாம் நீலமாக இருக்கிறது என்றார். உடனே கட்டை அவிழ்க்கச் சொல்லி, ஆட்டோவில் வரச் சொன்னேன். கீழ்க்கால் எலும்பின் மேலே, ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கறுத்திருந்தது. காலை எடுக்க வேண்டி வரவில்லை. குழாயில் அடைப்பைச் சரிசெய்து, அந்தத் தோல் உரிந்து ஆற நாலு மாதம் ஆயிற்று. ஏரியைச் சுற்றி நடப்பது நின்றுபோனது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"ராத்திரி முழுக்க உயிர் போற வலி சிஸ்டர்" என்றார். "இவ அவிழ்த்துடலாம்னா. நான்தான் விடல. நீங்க கட்டினதாச்சே, காரணம் இல்லாமலா இருக்கும்னு பொறுத்துக்கிட்டேன்."

என்மேல் வைத்த நம்பிக்கைதான் அவரை வலியைப் பொறுத்துக்கொள்ளச் செய்தது. தெரிந்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால், உங்கள் தப்பு சாதாரணத் தப்பாக இருக்காது. நோயாளி அதற்கு ஒத்துழைப்பார். இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. 'தங்கள் பணி வரம்பை மீறிச் செயல்பட்டமைக்கு விளக்கம் தேவை.'

அந்த வரியை நின்றுகொண்டே நாலைந்து முறை படித்தேன்.

விசாரணைக்கு மெடிக்கல் டைரக்டர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். டைரக்டர், சூப்பரின்டென்டன்ட் மேடம், ஹெச்.ஆரிலிருந்து ஒருவர், நான். நான் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்து டிஷ்யூப் பெட்டிகூட மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"தப்பு என்னோடதுதான் சார்" என்றேன். "டாப்ளர் இல்லாம கட்டியிருக்கக் கூடாது. சீட்டுல எழுதியிருந்தும் கட்டினேன். யாரையும் கூட்டுச் சேக்கல. என்ன தண்டனைன்னாலும் கொடுங்க."

டைரக்டர் ஹெச்.ஆரைப் பார்த்தார். வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.

"ஆனா மெமோவுக்குப் பதில் எழுதணுமே சார். பணி வரம்பை மீறினேன்னு போட்டிருக்கு. எந்த வரம்பு?"

"அதான்... உங்க ரோலோட வரம்பு."

"அது எந்தப் பேப்பர்ல இருக்கு? எனக்கு ஒரு காப்பி கொடுங்க. அதைப் பாத்து, எந்த வரியை மீறினேன்னு குறிப்பிட்டு எழுதித் தரேன்."

ஹெச்.ஆர். ஆள் தன் கோப்பைப் புரட்டினார். அதில் என் நியமன உத்தரவு இருந்தது. 'நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"நான் மூணு தடவ கேட்டேன் சார். அன்னிக்கு வரம்புன்னு ஒண்ணு தேவையில்ல. கோவளத்து அம்மா காலை இழந்தப்ப, நான் ஏன் வேற சர்ஜனைக் கூப்பிடலன்னு யாரும் மெமோ கொடுக்கல. அங்க எனக்கு வரம்பு இருந்திருக்கு, தாண்டாம நின்னுட்டேன், பாராட்டினீங்க. இங்க வரம்பு இருந்திருக்கு, தாண்டிட்டேன், மெமோ. ரெண்டு தடவையும் அது எங்க இருக்குன்னு எனக்கு முன்னாடி தெரியாது. காலுக்கு ஆபத்து வந்தப்புறம்தான் நீங்க சொல்றீங்க."

"குரலை ஏத்தாதீங்க" என்றார் டைரக்டர்.

"ஏத்த வேண்டிய எடத்துல ஏத்தலன்னுதான் சார் ஒருத்தர் கால் போச்சு."

அப்போதுதான் எங்கள் மேடம் வாயைத் திறந்தார். பதினோரு வருடமாக அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். நிர்வாகத்துக்கு எதிராக அவர் ஒரு சொல் பேசிக் கேட்டதில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ மெமோவுக்கு எழுத்துல இதையே பதிலா எழுதிக் கொடுத்தா ஃபைல்ல நிக்கும் சார். அவ கேட்ட அந்த வரம்புப் பேப்பரை எழுதிக் கொடுத்துடலாம். எனக்கும் அது தேவைப்படுது."

நியாயம் என்று அவர் சொல்லவில்லை. ஃபைலில் நிற்கும் என்றார். நியாயத்துக்கு நகராத அந்த அறை, ஃபைலுக்கு நகர்ந்தது. இதிலும் எனக்குக் கோபம்தான். ஆனால் உங்களுக்குப் பயன்படும் என்று சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ஊதிய உயர்வு ஒரு வருடம் நிறுத்தி வைக்கப்பட்டது. வாங்கிக்கொண்டேன், அது நியாயம். பேப்பர் எழுத ஆறு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வரிக்கும் சண்டை. ரத்தக்குழாய் டாக்டரிடம் நானே நேராக நோயாளியை அனுப்பலாம் என்ற வரியை அடித்துவிட்டார்கள். ஆள் இல்லாத ஷிஃப்டுக்கு என்னை இழுக்கக் கூடாது என்ற வரியைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் விடாமல் பிடித்துக்கொண்டது இரண்டு வரிகளை. ஒன்று, செய்யவே கூடாதவை பட்டியலில் நானே எழுதியது: ரத்த ஓட்டம் அளக்காமல் அழுத்தக் கட்டு போடக் கூடாது. இன்னொன்று, கால் அவசரம் என்று நான் சொல்லி முப்பது நிமிடத்துக்குள் பொறுப்பு டாக்டரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து பார்க்காவிட்டால், பணியில் இருக்கும் எந்தச் சர்ஜனையும் நான் கூப்பிடலாம்.

அந்த முப்பது நிமிட வரிக்கு முதல் சோதனை ஐந்து மாதம் கழித்து வந்தது. கூடுவாஞ்சேரியில் புது வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி ஒருவர், பெயர் குமார். பாதத்தில் ஆணி குத்தியிருந்தது. அதே சர்க்கரை, அதே சிவப்பு, தோலுக்கு அடியில் அதே நறநறப்பு. பொறுப்பு டாக்டரும் அதே சீனியர் சர்ஜன்தான்.

போன் போட்டேன்.

"தியேட்டர்ல இருக்கேன். நாலு மணிக்கு வந்து பாக்கறேன்."

"சார், இப்ப மணி பதினொண்ணு பத்து. பதினொண்ணு நாப்பதுக்குள்ள நீங்களோ உங்க ஆளோ வரணும். இல்லன்னா வேற சர்ஜனைக் கூப்பிடுவேன்."

"யாரு? நீயா?"

"ஆமா சார். பேப்பர்ல இருக்கு."

போனை வைத்ததும் பெயர், நேரம், நான் சொன்னது, அவர் பதில் நாலையும் நோட்ஸில் எழுதினேன். பேப்பர் இருந்தால் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் டியூட்டி டாக்டர் நின்றிருந்தார். தனம் வந்த அன்று எழுந்து வராத அதே பையன். இந்த முறை கையுறை போட்டுக்கொண்டு வந்து, குமாரின் காலை அழுத்திப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்ததா சிஸ்டர்?"

"இதைவிடக் கம்மியா இருந்துச்சு டாக்டர்."

அவர் குமாரின் மனைவியிடம் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தார். பதினொன்று நாற்பதுக்கு நான் இரண்டாவது சர்ஜனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, பன்னிரண்டரைக்கு தியேட்டருக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு விரலும் உள்ளங்காலில் கொஞ்சமும் போயிற்று. பாதம் நின்றது. குமார் இன்று நடக்கிறார்.

மாலை நாலு மணிக்கு சீனியர் சர்ஜன் வார்டு நடுவில் என்னை நிறுத்தினார்.

"என் பேஷன்ட்டைத் தூக்கி இன்னொருத்தன்கிட்ட கொடுத்திருக்கே."

"பேஷன்ட் உங்களோடதுதான் சார். கால் அவரோடது."

எட்டு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. கால் கேஸ் எல்லாவற்றுக்கும் அரை மணிக்குள் ஆள் அனுப்ப மட்டும் தவறவில்லை. பேசாமலே இருந்திருக்கலாம், ஆள் வந்ததே எனக்குப் போதும்.

ஓய்வு பெறும்வரை அந்தப் பேப்பர் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எத்தனை காலைக் காப்பாற்றியது என்று நான் கணக்கு வைக்கவில்லை. கடைசி நாளில் மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், டைரக்டர் என்னை 'இந்த மருத்துவமனையின் தூண்' என்றார்.

போன மாதம் மோனிஷா என்ற பெண் எனக்குப் போன் செய்தாள். என் இடத்துக்கு இப்போது மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள்; அதில் ஒருத்தி. மூன்று பேருக்கும் என் பழைய பதவிப் பெயர்தான்.

"மேடம், குதிகால் பெட்சோர் கேஸ் ஒண்ணுல டாக்டர் வரல. முப்பது நிமிஷ ரூல் இருக்குன்னு சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னாங்க. ஹெச்.ஆர்ல போய்க் கேட்டேன். அது இப்ப கிடையாதுன்னுட்டாங்க."

"கிடையாதுன்னா?"

"அது ஜெய்புன் மேடத்துக்காகப் போட்டதும்மா, அவங்க போனதோட முடிஞ்சிடுச்சுன்னாங்க."

உடனே டைரக்டர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. அலமாரியைத் திறந்து என்னிடமிருந்த நகலை எடுத்தேன். தலைப்பைப் படித்தேன். 'திருமதி ஜெய்புன்னிசா அவர்களின் பணி வரம்பு.'

ஹெச்.ஆர். ஆள் பொய் சொல்லவில்லை. அது என் பெயரில்தான் இருந்தது. ஆறு வாரம் ஒவ்வொரு வரிக்கும் சண்டை போட்டவள், தலைப்பில் சண்டை போடவில்லை. அதைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து காட்டியபோது, என் பெயரைத் தடித்த எழுத்தில் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதவிக்கு என்று எழுதியிருக்க வேண்டியதை எனக்கு என்று எழுத விட்டேன். அவர்கள் எனக்குப் பரிசு கொடுப்பது போல அதைக் கொடுத்தார்கள், நான் பரிசை வாங்குவது போல வாங்கிக்கொண்டேன்.

மோனிஷாவிடம் இதை மறைக்காமல் சொன்னேன். இந்த முறை பதவியின் பெயரில் எழுதித் தரக் கேளுங்கள் என்றேன்.

"கேட்டா வேலையை விட்டு எடுத்துடுவாங்களா மேடம்?"

"எடுக்கலாம். நான் கேட்டப்ப எனக்குச் சொந்த வீடு இருந்துச்சு, இருபது வருஷ சர்வீஸ் இருந்துச்சு. உனக்கு அது இல்ல. பயப்படாதேன்னு நான் சொல்ல மாட்டேன். தனியா மட்டும் போகாதே. மூணு பேரும் சேர்ந்து போங்க."

நேற்று அவர்கள் எழுதியதைப் போனில் அனுப்பியிருந்தாள். என் பேப்பரை அப்படியே எடுக்கவில்லை. நான் தோற்ற இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்த்திருந்தார்கள். நான் யோசிக்காத ஒன்றும் இருந்தது: கூப்பிட்டு வராத டாக்டரின் பெயர் மாதாமாதம் தர ஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். படித்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. தலைப்பில் எந்த ஆளின் பெயரும் இல்லை. கீழே மூன்று கையெழுத்துக்கு இடம்.

"நாலாவதா உங்க கையெழுத்தும் போட்டா வெயிட்டா இருக்கும்ல மேடம்?" என்று கேட்டாள்.

போட ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்" என்றேன். "நாளைக்கு எத்தனை மணிக்கு டைரக்டர் ரூமுக்குள்ள போறீங்கன்னு மட்டும் சொல்லு."